5×5 ரிஸ்க் மேட்ரிக்ஸ்: மதிப்பே போடாத ரிஸ்க் எல்லாம் பச்சையாக வருகிறது

சூளகிரி_பேட்டரி | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம்.

சூளகிரிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி பேக் செய்கிற சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். இதுவரை ரிக்வயர்மென்ட் (பேக் எப்படி இருக்க வேண்டும் என்ற தேவைகள்), ரிஸ்க், டெஸ்ட் எல்லாமே எக்செல்லில்தான். வண்டி செய்கிற வாடிக்கையாளர் "இனிமேல் எக்செல் அனுப்பாதீர்கள், ரிக்வயர்மென்ட் மேலாண்மை டூலில் வைத்துக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார்கள்.

டூல் வாங்கியாகிவிட்டது. பழைய ஷீட்டிலிருந்து 214 ரிஸ்க்குகளை இம்போர்ட் செய்தேன். தீவிரம் 1 முதல் 5, வாய்ப்பு 1 முதல் 5. இரண்டையும் பெருக்கி, 5 வரை பச்சை, 6 முதல் 12 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என்று வைத்தேன். டாஷ்போர்டு பார்க்க அழகாக இருக்கிறது. மேனேஜர் பார்த்துவிட்டு "பரவாயில்லையே தம்பி, நம்ம பேக் இவ்வளவு பாதுகாப்பானதா!" என்றார்.

எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. "செல் வெப்பநிலை சென்சார் வயர் அறுந்துவிடுதல்" என்ற ரிஸ்க் பச்சையில் நிற்கிறது. அது எப்படிப் பச்சையாகும்? எக்செல்லில் அதைச் சிவப்பில் பார்த்ததாகத்தான் ஞாபகம். எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

---

பென்னாகரம்_ஸ்கிரிப்ட் | திங்கள், இரவு 9:40

அந்த ஒரு ரிஸ்க்கைத் திறந்து, மொத்த மதிப்பில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். நிறத்தை விடுங்கள், எண் வேண்டும்.

என் ஊகம்: 0.

---

சூளகிரி_பேட்டரி | திங்கள், இரவு 9:58

அண்ணா, 0தான்! தீவிரம் 5 என்று இருக்கிறது. வாய்ப்பு காலி. எக்செல்லில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று யாரோ விட்டது. சிவப்பு நிறம் கையால் அடித்தது, ஃபார்முலா இல்லை.

வடிகட்டிப் பார்த்தேன். இப்படிக் காலியாக 61 இருக்கிறது.

---

பென்னாகரம்_ஸ்கிரிப்ட் | திங்கள், இரவு 10:20

நினைத்தேன். இந்தக் கதையை ஐந்தாறு இடத்தில் பார்த்துவிட்டேன். இம்போர்ட் செய்யும்போது கோடு, "டிபிடி" (பிறகு முடிவு செய்யப்படும்), கேள்விக்குறி எல்லாம் டிராப்-டவுனில் இல்லாத மதிப்பு என்பதால் காலியாக விழும். கணக்குப் போடுகிற புலம் (டூலில் மதிப்பு நிற்கிற கட்டம்) காலியை 0 என்று எடுத்துக்கொள்ளும். 5 பெருக்கல் 0, பூஜ்யம். பூஜ்யம் 5க்குள் அடங்குகிறது, அதனால் பச்சை. டூல் மேல் குற்றம் இல்லை, நாம் சொன்னதைச் செய்திருக்கிறது.

இன்றிரவே செய்யக்கூடியது: இரண்டு டிராப்-டவுனிலும் "மதிப்பிடப்படவில்லை" என்று ஒரு தேர்வைச் சேருங்கள். புதிய ரிஸ்க் திறந்தால் அதுவே முதலில் நிற்கட்டும். இரண்டில் எது அப்படி இருந்தாலும், அல்லது காலியாக இருந்தாலும், விடை எண்ணாக வரவே கூடாது. "மதிப்பிடப்படவில்லை" என்ற சொல்லாக வரட்டும். அதற்கு ஊதா நிறம் கொடுங்கள். சாம்பல் வேண்டாம், சாம்பல் என்றால் "முடிந்துபோன விஷயம்" என்று கண் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்று. டிராப்-டவுனில் தெரிகிற பெயர் வேறு, உள்ளே இருக்கிற எண் வேறு. டோர்ஸ் என்ற ரிக்வயர்மென்ட் டூலில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் தனியாக ஓர் எண் உட்கார்ந்திருக்கும். பெயர்களின் வரிசையை மாற்றினால் எண்ணும் மாறும் என்று நம்பிவிடாதீர்கள். எதை வைத்துக் கணக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கிருஷ்ணகிரி_மாங்கூழ் | செவ்வாய், காலை 6:30

வாய்ப்புப் புலத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் பிரச்சினையே இல்லையே? நிரப்பாமல் சேமிக்க முடியாது என்று வைத்துவிடலாம்.

---

பென்னாகரம்_ஸ்கிரிப்ட் | செவ்வாய், காலை 8:05

வைக்கலாம். வைத்தால் எல்லோரும் 3 போடுவார்கள். ஐந்தில் நடுவில் இருப்பது அதுதான், கை தானாகப் போகும். காலிக் கட்டமாவது "எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்கிறது.

---

கிருஷ்ணகிரி_மாங்கூழ் | செவ்வாய், காலை 8:31

அதுவும் உண்மைதான் சார். எங்கள் மாங்கூழ் ஆலையில் சீசன் வந்தால், பெங்களூரா மாம்பழ லாரி வரிசையில் நிற்கும், யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரே எண், ஒரே கையெழுத்து, ஒரே பேனா. ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து எழுதியது. ஒரு நேர்மையான காலிக் கட்டம் இருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

எங்கள் ஹேசாப் (உணவுப் பாதுகாப்பு) ஆய்விலும் தீவிரம், வாய்ப்பு என்று இதே மேட்ரிக்ஸ்தான். அதனால் இந்த இழையை விடாமல் படிக்கிறேன்.

---

தேன்கனிக்கோட்டை_அண்ணன் | செவ்வாய், மதியம் 1:15

தம்பி, காலிக் கட்டத்தைச் சரிசெய்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் அதைவிடப் பெரிய சங்கதி உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. ஏன் பெருக்குகிறீர்கள்?

எங்கள் ஊர்க் கதையாகவே சொல்கிறேன். தெருநாய் தினமும் வாசலுக்கு வருகிறது, செருப்பைக் கடித்துவிட்டுப் போகிறது. தீவிரம் 1, வாய்ப்பு 5. பெருக்கினால் 5. காட்டு யானை எப்போதாவது ஒருநாள் ராகிக் கொல்லைக்குள் இறங்குகிறது, காவலுக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. தீவிரம் 5, வாய்ப்பு 1. பெருக்கினால் அதுவும் 5. உங்கள் டூலில் இரண்டும் ஒரே பச்சை. தேன்கனிக்கோட்டையில் யாரிடமாவது போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

1, 2, 3 என்பதெல்லாம் இங்கே வரிசையைக் காட்டும் எண்கள், அளவு இல்லை. தீவிரம் 4 என்பது தீவிரம் 2ஐப் போல இரண்டு மடங்கு என்று யாரும் அளந்து வைக்கவில்லை. அதனால் பெருக்கலை எடுத்துவிட்டு லுக்அப் அட்டவணை வையுங்கள். 25 கட்டம், ஒவ்வொன்றுக்கும் நிறத்தை நீங்களே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். டிசைன், டெஸ்ட், சர்வீஸ் மூன்று பக்கத்து ஆட்களும் அறையில் இருக்க வேண்டும். தீவிரம் 5 வரிசையில் எந்தக் கட்டமும் பச்சையாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. வாய்ப்பு 1 என்றாலும் குறைந்தது மஞ்சள். "நடக்கவே நடக்காது" என்பார்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் மதகு அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது, 2017 நவம்பரில் உடைந்தது.

எஃப்.எம்.இ.ஏ. (எது எப்படிப் பழுதாகும் என்று பார்க்கிற ஆய்வு) உலகமே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. தீவிரம், வாய்ப்பு, கண்டறிதல் (பழுதைப் பிடிப்பது கடினமானால் எண் கூடும்) மூன்றையும் 1 முதல் 10 வரை போட்டுப் பெருக்கி ஆர்.பி.என் (ரிஸ்க் முன்னுரிமை எண்) என்று எடுப்பது பழைய வழக்கம். 2019 ஜூனில் அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகளான ஏ.ஐ.ஏ.ஜி.யும் வி.டி.ஏ.வும் சேர்ந்து வெளியிட்ட கையேட்டில் ஆர்.பி.என்னை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் ஆக்‌ஷன் பிரையாரிட்டி: ஹை, மீடியம், லோ. அது முழுக்க ஓர் அட்டவணை, பெருக்கலே இல்லை. வித்தியாசம் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

தீவிரம் 9, வாய்ப்பு 4, கண்டறிதல் 2. ஆர்.பி.என் வெறும் 72. நூறுக்குக் கீழே, யாரும் தொடமாட்டார்கள். புதிய அட்டவணையில் இது ஹை.

தீவிரம் 3, வாய்ப்பு 7, கண்டறிதல் 6. ஆர்.பி.என் 126. கூட்டம் போட்டு இரண்டு மணிநேரம் பேசுவார்கள். புதிய அட்டவணையில் இது லோ.

---

அதியமான்கோட்டை | செவ்வாய், மாலை 6:50

நூறு என்றதும் பழைய நினைவு வந்துவிட்டது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) "ஆர்.பி.என் 100க்கு மேல் போனால் நடவடிக்கை எழுத வேண்டும்" என்பது விதி. எங்கள் ஷீட்டில் 96, 98, 90 என்று எண்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். 100க்கு மேலே பாலைவனம். கண்டறிதல் 4 என்று இருந்ததை 3 ஆக்கினால் கதை முடிந்தது, ஒரு சோதனையும் கூடுதலாகச் செய்ய வேண்டியதில்லை. நானே செய்திருக்கிறேன், மறைப்பதற்கென்ன.

இதில் 98 என்பது 7, 7, 2. ஒருநாள் பொழுதுபோகாமல் எண்ணிப் பார்த்தேன்: மூன்று எண்களைப் பெருக்கினால் 1000 சேர்க்கைகள் இருக்கின்றன, ஆனால் வருகிற விடைகள் 120தான். 1000க்கு அடுத்தது 900, அதற்கு அடுத்தது 810. நடுவில் ஒன்றுமே கிடையாது. இதை வைத்துக்கொண்டு "812ஐ விட 810 பரவாயில்லை" என்று பேச வழியே இல்லை.

ஆனால் அண்ணா, அட்டவணை வைத்தால் மட்டும் ஆட்கள் ஏமாற்றமாட்டார்களா? நிறத்தைப் பார்த்துவிட்டு எண்ணைத் திருப்புவார்கள். மேட்ரிக்ஸ் என்பதே வருகிறவர்களுக்குப் போடுகிற கோலம் என்ற என் கருத்து மாறவில்லை.

---

தேன்கனிக்கோட்டை_அண்ணன் | செவ்வாய், இரவு 9:25

ஏமாற்ற நினைப்பவரை எந்த மென்பொருளும் தடுக்காது. ஆனால் ஏமாற்றுகிறவர்கள் குறைவு. குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

"வாய்ப்பு 2: எப்போதாவது. வாய்ப்பு 3: சில சமயம்." இதைப் படித்துவிட்டு யார் என்ன செய்ய முடியும்? ஓசூரில் ஒரு லைனில் கேட்டேன். சோல்டரிங் பார்க்கிற அம்மா சொன்னார், "எப்பவாவதுதான் சார் விட்டுப்போகும்." எவ்வளவு என்று கேட்டால், "ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு." அதே கேள்விக்கு டிசைன் பொறியாளர் "அடிக்கடி நடக்கிறது" என்றார். எவ்வளவு? "போன வருஷம் மூன்று வந்தது." இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

அதனால் டிராப்-டவுனில் சொல்லை மட்டும் போடாதீர்கள். "ஆயிரம் பேக்கில் ஒன்றுக்கு மேல்", "பத்தாயிரத்தில் ஒன்று வரை" என்று உங்கள் உற்பத்திக்கு ஏற்ற அளவை அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். உதவிக் குறிப்பில் போட்டால் யாரும் சுட்டியை அங்கே கொண்டுபோகமாட்டார்கள்.

---

சூளகிரி_பேட்டரி | புதன், காலை 7:10

அண்ணா, நேற்றிரவு லுக்அப் வைத்துவிட்டேன். தீவிரம் 5 வரிசை: முதல் கட்டம் மஞ்சள், மீதி நான்கும் சிவப்பு. தீவிரம் 1 வரிசை முழுக்கப் பச்சை. நடுவில் உள்ளதை இன்று கூட்டத்தில் முடிவு செய்கிறோம்.

ஆனால் இப்போது புது வினோதம். "பேக் மூடியின் மேல் கீறல் விழுதல்", தீவிரம் 1, வாய்ப்பு 5. மஞ்சளாக வருகிறது! "செல் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்தல்", தீவிரம் 5, வாய்ப்பு 1. பச்சை!! நாயும் யானையும் இடம் மாறிவிட்டன.

---

பென்னாகரம்_ஸ்கிரிப்ட் | புதன், காலை 7:22

அச்சு மாறிப்போயிருக்கிறது. நீங்கள் வரிசையில் தீவிரம் என்று எழுதினீர்கள், டூல் நெடுக்கில் தீவிரத்தை எதிர்பார்க்கிறது. அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் தப்பு திங்கட்கிழமையும் இருந்திருக்கும். பெருக்கல் வாய்ப்பாட்டை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரே படம்தான், 4×2ம் 2×4ம் எட்டுதான். அதனால் தெரியவில்லை. அட்டவணை வைத்ததும் குட்டு உடைந்தது.

இரண்டு ரிஸ்க்கைப் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று விடாதீர்கள். "சோதனை 1-1", "சோதனை 1-2" என்று தொடங்கி "சோதனை 5-5" வரை 25 போலி ரிஸ்க்குகளை ஒரு தனி புராஜெக்டில் இம்போர்ட் செய்யுங்கள். எதிர்பார்க்கிற நிறத்தையும் ஒரு புலத்தில் எழுதிவையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாததை வடிகட்டினால் பட்டியல் காலியாக வர வேண்டும். அதோடு ஒன்று காலி, மற்றொன்று காலி, இரண்டும் காலி என்று சில. மொத்தம் ஒரு மணிநேர வேலை. வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் "இந்தக் கணக்கு சரியென்று எப்படித் தெரியும்" என்று கேட்டால் அந்தப் புராஜெக்டைத் திறந்து காட்டலாம்.

ஆக்‌ஷன் பிரையாரிட்டிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன உதவி. மூன்று அச்சு என்றால் பல டூல்களில் நேரடியாக வராது. 1000 வரி எழுதவும் வேண்டாம். அந்தக் கையேட்டில் தீவிரம் ஐந்து பட்டையாக இருக்கிறது: 1, 2–3, 4–6, 7–8, 9–10. வாய்ப்பும் ஐந்து: 1, 2–3, 4–5, 6–7, 8–10. கண்டறிதல் நான்கு: 1, 2–4, 5–6, 7–10. முதலில் எண்ணைப் பட்டையாக மாற்றுங்கள், பிறகு மூன்று பட்டையையும் ஒட்டி, அட்டவணையில் தேடுகிற ஒரே சாவியாக்குங்கள். நூறு வரியில் முடிந்துவிடும்.

---

நல்லம்பள்ளி_ரைடர் | புதன், மாலை 5:45

நானும் வண்டிப் பக்கம்தான், மோட்டார் கன்ட்ரோலர். எங்களுக்கு ஐ.எஸ்.ஓ 26262 (வாகன மின்னணுப் பாதுகாப்புத் தரநிலை) கணக்கும் அதே டூலில் வேண்டும். எஸ் (தீவிரம்), இ (அந்தச் சூழல் எவ்வளவு அடிக்கடி வருகிறது), சி (ஓட்டுபவரால் சமாளிக்க முடியுமா) மூன்றையும் கூட்டினால் போதும் என்று ஒருவர் சொன்னார்: 10 வந்தால் ஏசில் (பாதுகாப்பு நிலை) டி, 9 சி, 8 பி, 7 ஏ, அதற்குக் கீழே கியூ.எம், அதாவது ஏசில் தேவையில்லை. இதற்கு அட்டவணை எதற்கு, ஒரு வரி ஃபார்முலா போதுமே?

இன்னொரு சண்டையும் இருக்கிறது. பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஆகியிருந்தால் ரீஜென் பிரேக்கிங் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்புவது) வேலை செய்யாது, திரும்பி வருகிற மின்சாரத்தை வாங்க இடமிருக்காது. தருமபுரியில் முழுச் சார்ஜ் போட்டுக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கினால், ரைடர் பழகிய அந்த இழுப்பு திடீரென்று இல்லை. நான் இதற்கு இ4 என்கிறேன், தினமும் அந்த வழியில் போகிறவன் நான். டீமில் இ2 போதும் என்கிறார்கள்.

---

தேன்கனிக்கோட்டை_அண்ணன் | புதன், இரவு 10:05

கூட்டல் சூத்திரம் எஸ்1 முதல் 3, இ1 முதல் 4, சி1 முதல் 3 வரைக்கும் சரியாக வரும். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நல்ல குறுக்குவழி. டூலில் போட்டால் காலை வாரும், ஏனென்றால் பூஜ்யமும் அளவில் இருக்கிறது. எஸ்0, அதாவது காயமே இல்லை. அதோடு இ4, சி3 சேர்த்தால் கூட்டு 7, உங்கள் ஃபார்முலா ஏசில் ஏ என்று சொல்லும். எஸ்3, இ4, சி0வும் அப்படியே 7. மூன்றில் எது பூஜ்யமாக இருந்தாலும் ஏசில் கிடையாது என்பதுதான் விதி. தம்பிக்குப் பெருக்கலில் பூஜ்யம் காலை வாரியது, உங்களுக்குக் கூட்டலில். அட்டவணையாகவே வையுங்கள்.

கூடவே, உங்களுடையது இருசக்கர வண்டி. 2018இல் வந்த இரண்டாம் பதிப்பில் மோட்டார் சைக்கிளுக்குப் பகுதி 12 என்று தனியாகச் சேர்த்தார்கள். அதில் எம்சில் (மோட்டார் சைக்கிளுக்கான நிலை) என்று எடுத்து, பிறகு ஏசிலுக்கு மாற்றுவார்கள், ஒரு படி இறங்கும். எம்சில் டி என்றால் ஏசில் சி. கார் அட்டவணையை அப்படியே நகல் எடுத்துவிடாதீர்கள்.

தொப்பூர் விஷயம். இ என்பது அந்தச் சூழலில் வண்டிகள் எவ்வளவு இருக்கின்றன என்பது, பழுது எவ்வளவு வருகிறது என்பது இல்லை. பெரும்பாலான ரைடர்களுக்கு வருடத்தில் சில தடவை என்றால் இ2, மாதம் ஒரு தடவையோ அதற்கு மேலோ என்றால் இ3, ஏறக்குறைய ஒவ்வொரு பயணத்திலும் என்றால் இ4. உங்கள் ஒருவரின் பாதையை வைத்து எடுக்க முடியாது. அதே சமயம் டீம் சொல்வதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். சூழலை "தொப்பூர் கணவாய்" என்று எழுதினால் இ2தான் வரும். "முழுச் சார்ஜில் வீட்டைவிட்டுக் கிளம்பி இறக்கத்தில் பிரேக் பிடித்தல்" என்று எழுதினால்? ராத்திரி சார்ஜ் போட்டுக் காலையில் கிளம்புகிறவர்கள்தான் எல்லோரும். சூழலை ரொம்பப் பொடியாக நறுக்கினால் எல்லா இ-யும் குறைந்துவிடும். அதுவும் ஒரு வகை ஏமாற்றுதான், தெரியாமலே செய்வது.

சி-யை எடுக்கும்போது கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரி, சூடேறிப்போன பிரேக், முன்னால் நீங்கள். அங்கே "ரைடர் சமாளித்துக்கொள்வார்" என்று எழுத எனக்குக் கை வராது.

---

அதியமான்கோட்டை | புதன், இரவு 10:31

இந்தப் பதிவுக்காகவே இந்த இழையைச் சேமித்துக்கொண்டேன். கோலம் என்று சொன்னதைக் கால்வாசி வாபஸ் வாங்குகிறேன்.

---

பாலக்கோடு_மெட் | வியாழன், காலை 9:15

நான் மருத்துவக் கருவிப் பக்கம், வீட்டிலிருந்து வேலை. சூளகிரித் தம்பிக்கு இரண்டு விஷயம்.

முதலாவது, உங்கள் பி.எம்.எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் அமைப்பு) மென்பொருளால் வருகிற ரிஸ்க்குகளுக்கு வாய்ப்பு எப்படிப் போட்டீர்கள்? மென்பொருள் தேய்ந்து பழுதாவதில்லை. பக் இருந்தால் அந்தச் சூழல் வரும்போதெல்லாம் தப்பாகத்தான் நடக்கும். எங்கள் மருத்துவ மென்பொருள் தரநிலையான ஐ.இ.சி 62304இல் மென்பொருள் தவறும் வாய்ப்பை 1 என்றே வைத்துக்கொள் என்கிறார்கள், அதாவது நூற்றுக்கு நூறு. அப்புறம் அந்தத் தவறு மனிதருக்குத் தீங்காக மாறுகிற வாய்ப்பை மட்டும் தனியாகப் பார்ப்போம். மருத்துவக் கருவி ரிஸ்க் தரநிலையான ஐ.எஸ்.ஓ 14971 வழியில் ஆபத்தான சூழல் உருவாகும் வாய்ப்பு ஒன்று, அது தீங்காக மாறும் வாய்ப்பு இன்னொன்று, இரண்டு புலம். "எங்கள் புரோகிராமர் கெட்டிக்காரர், அதனால் வாய்ப்பு 1" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, நடவடிக்கைக்குப் பிறகான ரிஸ்க். அதற்குத் தனிப் புலங்கள் இருக்கிறதா, அல்லது பழைய எண்ணின் மேலேயே புது எண்ணை எழுதுகிறீர்களா?

---

சூளகிரி_பேட்டரி | வியாழன், காலை 11:40

மேலேயே எழுதிக்கொண்டிருந்தோம் மேடம். இப்போது தனிப் புலம் வைத்துவிட்டேன். ஆனால் பார்த்தால், அலாரம் வைத்த எல்லா ரிஸ்க்கிலும் தீவிரத்தை 5லிருந்து 2 ஆக்கியிருக்கிறார்கள்.

---

பாலக்கோடு_மெட் | வியாழன், மதியம் 12:20

அலாரம் அடித்தால் தீ சுடாதா? அலாரத்தால் ஆள் தள்ளிப்போக நேரம் கிடைக்கலாம், அப்போது வாய்ப்பு குறைகிறது. தீவிரம் குறைய வேண்டும் என்றால் டிசைனே மாற வேண்டும். ஒரு செல் எரிந்தாலும் பக்கத்துச் செல்லுக்குப் பரவாதபடி இடைவெளி, தடுப்பு, அந்த மாதிரி. பேட்டரிக்கான இந்தியத் தரநிலையான ஏ.ஐ.எஸ் 156 திருத்தத்தின் முதல் கட்டம் 2022 டிசம்பர் 1லும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31லும் அமலுக்கு வந்தன. வாடிக்கையாளர் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேள்வி கேட்பார் என்று நினைக்கிறேன். தீவிரம் குறைந்த ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் எந்த டிசைன் ரிக்வயர்மென்ட் காரணம் என்று இணைப்பு இருக்கட்டும்.

இன்னும் ஒரு படி கண்டிப்பாக இருக்கலாம் என்றால், இணைத்த ரிக்வயர்மென்ட்டின் டெஸ்ட் "பாஸ்" ஆகும்வரை பிந்தைய ரிஸ்க்கின் நிறம் முந்தைய நிறமாகவே தெரியட்டும். எழுதி வைத்ததற்கெல்லாம் பச்சை கொடுக்கக் கூடாது.

---

பென்னாகரம்_ஸ்கிரிப்ட் | வியாழன், இரவு 8:50

மேடம் சொன்னது சின்ன ஸ்கிரிப்ட்தான், தம்பிக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

எல்லோரும் மறக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு மேட்ரிக்ஸில் ஒரு கட்டத்தின் நிறத்தை மாற்றினால், கணக்கு உடனுக்குடன் ஓடுகிற புலமாக இருந்தால், போன வருடம் கையெழுத்துப் போட்ட ரிஸ்க்கும் நிறம் மாறி நிற்கும். "நான் ஒப்புக்கொண்டபோது மஞ்சளாக இருந்தது, இப்போது சிவப்பாக இருக்கிறது" என்று ஒருவர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம்தான் நியாயம். அதனால் ஒப்புதல் கொடுக்கிற நேரத்தில் விடையைச் சாதாரணப் புலத்தில் நகலெடுத்து, "மேட்ரிக்ஸ் பதிப்பு 2" என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். மேட்ரிக்ஸையும் ஒரு ஆவணமாகப் பேஸ்லைனுக்குள் (பூட்டிவைத்த பதிப்புக்குள்) போடுங்கள்.

---

கிருஷ்ணகிரி_மாங்கூழ் | வெள்ளி, மதியம் 3:05

தம்பி என்ன ஆயிற்று? வந்துவிட்டார்களா?

---

சூளகிரி_பேட்டரி | வெள்ளி, இரவு 8:17

இப்போதுதான் கிளம்பிப் போனார்கள்.

திங்கட்கிழமை சிவப்பு 9. இன்று காலை சிவப்பு 31, ஊதா 44. காலையில் மேனேஜர் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பழைய கலரையே இன்றைக்கு ஒரு நாள் காட்ட முடியாதா?" என்றார். முடியாது சார், பேஸ்லைன் போட்டாகிவிட்டது என்றேன். உண்மையில் போடவில்லை, அவர் போனதும் ஓடிப்போய்ப் போட்டேன்.

வந்தவர்கள் பச்சையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக ஊதாவுக்குப் போனார்கள். "இந்த 44க்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதி?" அவ்வளவுதான் கேள்வி. 30க்குப் பெயர் போட்டிருந்தேன், 14க்கு இல்லை, அது குறிப்பில் ஏறிவிட்டது. பிறகு அந்த 25 சோதனை ரிஸ்க்குகளைக் காட்டச் சொன்னார்கள். அதைப் பார்த்ததும் ஒருவர் தன் லேப்டாப்பைத் திறந்து எதையோ சரிபார்த்தார். அவர்கள் மேட்ரிக்ஸும் பெருக்கல்தானோ என்னவோ.

சென்சார் வயர் ரிஸ்க்குக்கு வாய்ப்பு இன்னும் போடவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பி வந்த பேக்குகளில் எத்தனையில் வயர் அறுந்திருக்கிறது என்று திங்கட்கிழமை எண்ணப்போகிறோம். மூன்று வருடத்துப் பேக்குகள் பின்னால் ஷெட்டில் கிடக்கின்றன.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஒரே தீங்குக்கு நான்கைந்து காரணங்கள் இருந்தால், மேலே உள்ள ரிஸ்க்குக்கு எந்த நிறம்? டூலில் "சராசரி" என்று ஒரு தேர்வு இருக்கிறது.

---

தேன்கனிக்கோட்டை_அண்ணன் | வெள்ளி, இரவு 8:29

சராசரியைத் தொடாதே தம்பி. இருப்பதில் மோசமானதை எடு. நாளைக்கு விவரமாக எழுதுகிறேன், இப்போது போய்ச் சாப்பிடு.